போகும் தூரமும் வரும் தூரமும்

இரண்டு நகரங்களின் பெயர்களைத் தட்டினால், அவற்றுக்கு இடையிலான தூரத்தையும் விமானப் பயண நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் இணையப் பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன. லண்டன், நியூயார்க் என்று தட்டினால் 5,500 கிலோமீட்டர் சொச்சம், ஏறக்குறைய ஏழு மணி நேரம் என்று பதில் வரும். பெயர்களை இடம் மாற்றித் தட்டினாலும் அதே பதில்தான் வரும். இந்தப் பதிலோடு எனக்கு நெடுநாளாக ஒரு பிணக்கு உண்டு. அந்தப் பிணக்கை வளர்த்துவிட்டவர் என் அண்ணன். அவர் கணக்கில் கெட்டிக்காரர், கையில் எண் இல்லாமல் எதையும் பேசமாட்டார். நான் நியூயார்க் போக எட்டு மணி நேரம் ஆயிற்று என்றும், திரும்பி வர ஆறரை மணி நேரம்தான் ஆயிற்று என்றும் சொன்னபோது அவர் அதை ஏற்கவே இல்லை. "தூரம் ஒன்று, விமானம் ஒன்று, வேகமும் ஒன்று. நேரம் மட்டும் எப்படியடா இரண்டாகும்?" என்றார். காற்று என்றேன். "சரி, காற்று என்றே வைத்துக்கொள். போகும்போது பிடுங்கியதை வரும்போது கொடுத்துவிடப் போகிறது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அந்தப் பக்கத்தில் போட்டிருக்கும் எண் வந்துவிடும்" என்று முடித்துவிட்டார். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஆனாலும் அதில் ஏதோ ஓர் இடம் உதைத்துக்கொண்டே இருந்தது.

முதலில் அந்தப் பக்கங்களுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அவை சொல்லும் தூரம் பொய்யில்லை. பூமியைச் சுமார் 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக எடுத்துக்கொண்டு, இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து, உருண்டையின் மேற்பரப்பில் அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைவின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதால் இதில் அரை விழுக்காட்டுக்கு உட்பட்ட பிழை வரலாம். அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் சூத்திரங்கள் உண்டு. தட்டையான உலகப் படத்தில் நேர்கோடாகத் தெரிவது உருண்டையில் நேர்வழி ஆகாது என்பதும், லண்டனிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் கிரீன்லாந்துப் பக்கம் ஏறி இறங்குவதுபோல் தோன்றுவது அதனால்தான் என்பதும் படித்தவர்கள் அறிந்ததே. உலகில் எந்த இரு நகரங்களுக்கும் இடையே இந்தத் தூரம் ஏறக்குறைய 20,000 கிலோமீட்டரைத் தாண்டவே முடியாது என்பது இந்தக் கணக்கு தரும் ஓர் அழகான முடிவு. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த வரியில்தான் கோளாறு தொடங்குகிறது. கிடைத்த தூரத்தை மணிக்கு 800 என்றோ 900 என்றோ ஒரு நிலையான வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணி நேரத்தைச் சேர்த்து, அதற்குப் பயண நேரம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். வகுக்கப்படும் தூரம் தரையில் அளந்தது. வகுக்கும் வேகம் காற்றில் அளந்தது. இந்த இரண்டும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவை.

முன் இருக்கையின் திரை

அதற்குப் பிறகு மறுபடியும் மேற்கே போன ஒரு பயணத்தில் படம் எதிலும் மனம் ஒட்டாமல், முன் இருக்கையின் முதுகில் இருந்த திரையில் விமானத்தின் வழிப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் 11,000 மீட்டருக்குச் சற்று மேல், வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 56 பாகை, தரைவேகம் மணிக்கு 742 கிலோமீட்டர், எதிர்க்காற்று 158. எண்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு கூடிக் குறைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த பெரியவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "தம்பி, தொள்ளாயிரத்தில் போகும் என்றார்களே, இது ஏன் இப்படி மெதுவாகப் போகிறது? எஞ்சினில் ஏதாவது கோளாறா?" என்று என் காதருகே குனிந்து கேட்டார். "தொள்ளாயிரத்தில்தான் போகிறது ஐயா, எதிர்க்காற்று அதில் நூற்றைம்பத்தெட்டை எடுத்துக்கொள்கிறது" என்றேன். அவர் இரண்டு எண்களையும் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, சரியாகத் தொள்ளாயிரம் வந்ததில் சமாதானமடைந்து, போர்வையை இழுத்துக்கொண்டார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. திரும்பி வந்தபோது அதே உயரத்தில் அதே திரை மணிக்கு 1,060-க்கு மேல் காட்டியது. இப்போது காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. இரு திசைகளிலும் எஞ்சின்கள் ஒரே அளவுக்குத்தான் உழைத்தன, ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்தவைதான், அண்ணனிடமும் இதைத்தான் சொல்லியிருந்தேன். கூட்டிப் பாதியாக்கினால் சரியாகிவிடும் என்ற அவருடைய வாதத்துக்கு இதில் பதில் இல்லை. அந்தப் பதில், விமானத்தை விட்டு இறங்கி, கடவுச்சீட்டுச் சோதனைக்குப் போகும் நீண்ட நடைவழியில் கிடைத்தது. அங்கே நகரும் நடைபாதை ஒன்று இருந்தது. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அவ்வளவு நேரம் இருக்கையில் கட்டுண்டு கிடந்த ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல, அதில் அடிகளை உரக்க எண்ணிக்கொண்டே ஓடினாள். பாதை நகரும் திசையிலேயே ஓடி முடித்தபோது எண்ணிக்கை ஐம்பதைத் தொடவில்லை. திரும்பி, அதே பாதையில் எதிர்த்து ஓடத் தொடங்கினாள். அந்த அதிகாலையில் எங்களைத் தவிர அங்கே ஆள் இல்லாததால் தாயும் தடுக்கவில்லை. நூறைத் தாண்டியும் அவள் மறுமுனைக்கு வந்து சேரவில்லை. நூற்றுப் பத்துக்கு மேல் மூச்சு வாங்கி எண்ணிக்கை குழம்பிவிட்டது. நகராத தரையில் அந்த நீளத்துக்கு எழுபது அடிகூடத் தேவைப்படாது என்று பக்கத்தில் நடந்து எண்ணிப் பார்த்தேன். போக மிச்சமானது இருபது அடி, வரச் செலவானது ஐம்பதுக்கு மேல். பாதை பிடுங்கியதைப் பாதை திருப்பிக் கொடுக்கவே இல்லை.

அடிகளை எண்ணியது அவள் கால்கள். சுவரோரம் அளந்தால் இரு திசைகளிலும் நீளம் ஒன்றுதான், கால்களுக்கோ அது ஒன்றில்லை. விமானத்துக்கும் இதேதான். அதன் இறக்கைகள் தொட்டுக்கொண்டிருப்பது காற்றை. கீழே கடல் நகர்கிறதா நிலம் நகர்கிறதா என்பது இறக்கைக்கும் எஞ்சினுக்கும் தெரியாது. எரிபொருளைத் தின்பதும், எஞ்சினைத் தேய்ப்பதும், கடிகாரத்தை ஓட்டுவதும் அது காற்றுக்குள் கடந்த தூரமே. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே தரையில் 5,540 கிலோமீட்டர். காற்றில் விமானத்தின் வேகம் மணிக்கு 900, வழி முழுதும் 150 கிலோமீட்டர் வேகத்தில் மேற்குக் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே வரும்போது 1,050 வேகத்தில் 5 மணி 17 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் விமானம் காற்றுக்குள் கடந்தது 4,750 கிலோமீட்டர் மட்டுமே. மேற்கே போகும்போது 750 வேகத்தில் 7 மணி 23 நிமிடம் ஆகும், காற்றுக்குள் கடந்ததோ 6,650 கிலோமீட்டர். ஒரே இரு நகரங்கள், நடுவில் 1,900 கிலோமீட்டர் வித்தியாசம். இரண்டையும் கூட்டினால் 12 மணி 40 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் போய்வர 12 மணி 19 நிமிடம் போதும். அண்ணனின் சமன்பாட்டில் 21 நிமிடம் காணாமல் போயிருந்தது.

அது எங்கே போயிற்று என்பதை நான் அவருக்கு இப்படி எழுதினேன். உதவும் காற்றில் விமானம் ஐந்தேகால் மணி நேரம்தான் இருக்கிறது, கெடுக்கும் காற்றிலோ ஏழரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. காற்று ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பதும் எடுப்பதும் சமமாகவே இருக்கலாம். எடுத்துக்கொள்ளும் மணிகள் அதிகம். அதனால் போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் கொஞ்சம் லாபத்தோடுதான் வெளியே போகும். பக்கவாட்டில் மட்டும் வீசும் காற்றும் அப்படியே. வழி விலகாமலிருக்க மூக்கைக் காற்றின் பக்கம் சற்றே திருப்பிக்கொண்டு பறக்க வேண்டியிருப்பதால், இரு திசைகளிலும் வேகத்தில் ஒரு சிறு பங்கு போய்விடுகிறது. அண்ணன் இரண்டு நாள் கழித்து ஒரு வரியில் பதில் அனுப்பினார்: "கணக்கு சரி. ஆனால் தூரம் 5,540தான்." அதை மறுக்க நான் முயலவில்லை. தரையில் நடப்பவருக்கு அது 5,540தான், கடல்மேல் நடக்கத் தெரிந்திருந்தால்.

காற்று போடும் பாதை

வழி முழுதும் ஒரே காற்று என்பது என் வசதிக்காக வைத்துக்கொண்ட எளிமை. உண்மையில் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், மத்திய அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காகப் பாம்புபோல் நெளிந்து ஓடும் வேகமான காற்றோட்டம் ஒன்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று வானிலைச் செய்திகளில் அடிபடுவது இதுதான். வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து அது பிறக்கிறது. அந்த வேறுபாடு குளிர்காலத்தில் மிகுவதால் குளிர்காலத்தில் வேகம் கூடுகிறது, நடுவில் சில இடங்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. ஜப்பானின் ததேனோ வானாய்வு நிலையத்தில் வசபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இந்த மேல்காற்றை அளந்தார். உலகம் முழுதும் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் 1926-இல், உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோவில் அறிக்கை வெளியிட்டார். விளைவாக, உலகம் அதைப் படிக்கவில்லை. 1944-இன் இறுதியில் ஜப்பானுக்கு மேல் பறந்த அமெரிக்க பி-29 விமானிகள், தங்கள் குண்டுகள் ஏன் இலக்கைவிட்டு விலகி விழுகின்றன என்றும், எதிர்த்துப் பறக்கும்போது விமானம் ஏன் நகரவே மாட்டேனென்கிறது என்றும் திகைத்தார்கள்.

இந்தக் காற்றோட்டம் நாளுக்கு நாள் இடம் மாறுகிறது. ஆகவே வட அட்லாண்டிக்கின் மேல் விமானங்களுக்கான பாதைகளும் நாளுக்கு நாள் மாறுகின்றன. பகலில் மேற்கு நோக்கிப் போகிறவர்களுக்கான பாதைத் தொகுப்பை ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் இருந்து இயங்கும் ஷான்விக் கட்டுப்பாட்டு மையமும், இரவில் கிழக்கு நோக்கி வருகிறவர்களுக்கான தொகுப்பைக் கனடாவின் கேண்டர் மையமும், அன்றைய காற்றைப் பார்த்து வகுத்து வெளியிடுகின்றன. வருகிறவர்கள் காற்றோட்டத்தின் நடுவில் ஏறிக்கொள்வார்கள், போகிறவர்கள் அதை விட்டு வடக்கிலோ தெற்கிலோ விலகிப் போவார்கள். எனவே தரைமேல் வரைந்தால்கூட, போன பாதையும் வந்த பாதையும் ஒன்றாக இருப்பதில்லை. 2020 பிப்ரவரி 8-ஆம் தேதி இரவு, சியாரா என்று பெயரிடப்பட்ட புயல் வட அட்லாண்டிக்கில் இருந்தபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் தரையிறங்கியது. ஒரு கட்டத்தில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகம் 1,060-ஐ ஒட்டித்தான் இருக்கும். இருந்தும் அந்த விமானம் ஒலியை முந்தவில்லை, சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றிரவு நியூயார்க்கும் லண்டனும் கிழக்குத் திசையில் மிக நெருங்கியிருந்தன என்று சொன்னால் அண்ணன் முகம் சுளிப்பார், ஆனால் எரிபொருள் கணக்கெழுதுகிறவர் தலையாட்டுவார்.

சிங்கப்பூரும் நியூயார்க்கும் இதைவிட விநோதமான ஜோடி. உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானச் சேவை இவ்விரு நகரங்களுக்கு இடையேதான் நடக்கிறது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், நேரம் பதினெட்டரை மணியை ஒட்டி. தீர்க்கரேகையில் இவை ஏறக்குறைய 178 பாகை விலகி, உலகின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், உருண்டையில் இவற்றை இணைக்கும் குறுகிய கோடு வட துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் போகிறது. தூரம் சொல்லும் பக்கங்கள் அளப்பது அந்தக் கோட்டைத்தான். விமானமோ அதை ஒட்டிப் போவது அரிது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கின் மேல் வீசும் காற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போகிறது. நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து, அதே கிழக்குத் திசையில்தான் வருகிறது. போனவர் திரும்பி வராமலே வீடு வந்து சேர்கிறார், பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு. நீளமான வழி குறைந்த நேரத்தில் முடிகிறது என்றால், அந்த 15,300-ஐ ஏதோ ஒரு வேகத்தால் வகுத்துக் கிடைக்கும் விடை எதன் விடை?

மூடிய வானம்

காற்றாவது இயற்கை. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் நடந்ததை என்னவென்பது? தரையில் இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 7,800 கிலோமீட்டர். உருண்டையை நூல் பிடித்துப் பார்த்தால் நூல் ஏறக்குறைய முழுவதும் ரஷ்யாவின் மேல் கிடக்கும். சோவியத் காலத்தில் அந்த வான்வழி மேற்கு ஐரோப்பிய நிறுவனங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவதே பலருக்கு வழக்கமாக இருந்தது. 1983-இல் ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனம் டிசி-10 விமானத்தைக் கொண்டு, வட துருவத்தையும் பெரிங் நீரிணையையும் சுற்றி, இடையில் எங்கும் இறங்காமல் டோக்கியோவுக்குப் பறக்கத் தொடங்கியது. அதற்குப் பதின்மூன்று மணி நேரம் போல் ஆனது. பிறகு சைபீரிய வானம் திறந்தது, பயணம் ஒன்பதரை மணி நேரமாகச் சுருங்கியது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குக் குறுக்குவழி தங்கள் ஊர் வழிதான் என்று ஃபின்லாந்துக்காரர்கள் ஒரு வணிகத்தையே அதன்மேல் கட்டினார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் தன் வானத்தை ரஷ்ய விமானங்களுக்கு மூடியது, ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. மார்ச் மாதத்தில் ஹெல்சிங்கியிலிருந்து கிளம்பிய டோக்கியோ விமானம் மறுபடியும் துருவத்தைக் கடந்தது. மறுபடியும் பதின்மூன்று மணி நேரம். ஏறக்குறைய நாற்பது ஆண்டு விமானத் தொழில்நுட்பத்தின் முன்னேற்றம் முழுவதும் அந்த ஒரு வாரத்தில் கடிகாரத்திலிருந்து அழிந்துபோனது. துருவத்தைத் தாண்டியவர்களுக்கு அதற்கான சான்றிதழ் ஒன்றைப் பயணத்தின்போது கொடுத்தார்கள். கூடுதலான மூன்றரை மணி நேரத்துக்கு அது ஈடாகுமா என்பது அவரவர் இடுப்புவலியைப் பொறுத்தது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது இன்னொன்று. சீன நிறுவனங்கள் ரஷ்ய வானத்தை இன்றும் பயன்படுத்துகின்றன. ஆகவே ஒரே இரு நகரங்களுக்கு இடையே, ஒரே நாளில், ஒரே வகை விமானத்தில், வாலில் எந்த நாட்டுச் சின்னம் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது. இந்திய விமானங்களுக்கும் ரஷ்யா வழி விட்டிருக்கிறது. அதனால்தான் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோ கிளம்பிய ஏர் இந்தியா விமானம் ஒன்று 2023 ஜூன் மாதத்தில் எஞ்சின் கோளாறு காரணமாக ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள மகதானில் இறங்க நேர்ந்தது, அமெரிக்கப் பயணிகள் உட்பட அனைவரும் மாற்று விமானம் வரும்வரை அங்கே காத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. வட அமெரிக்கா போகிற சில விமானங்கள் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டன. பிற நாட்டு விமானங்களுக்கு அந்தத் தடை இல்லை. தூரம் என்பது புவியியல் பாடத்தில் வரும் விஷயம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது வெளியுறவுத் துறையிலும் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

அட்டவணையின் நேரம்

இத்தனைக்கும் பிறகு, பயணச்சீட்டில் அச்சாகும் நேரம் ஒன்று இருக்கிறதே, அது என்ன? அது பறக்கும் நேரமே இல்லை. விமான நிலையத்தில் பயணிகள் ஏறும் கேட்டிலிருந்து சக்கரம் நகர்ந்த கணம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் கேட்டில் வந்து நிற்கும் கணம் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், அங்கே வரிசையில் நிற்பதும், சேருமிடத்துக்கு மேல் வட்டமடிப்பதும் அதில் சேர்த்தி. லண்டனின் ஹீத்ரோவில் இறங்க வரும் விமானங்கள் போவிங்டன், லேம்போர்ன், பிகின், ஓக்காம் என்ற நான்கு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சுற்றிக்கொண்டிருப்பது அன்றாடக் காட்சி. பின்காற்றின் புண்ணியத்தில் முன்னதாக வந்துவிட்ட இரவு விமானங்களுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. ஹீத்ரோவில் இரவில் இறங்கும் விமானங்களின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு இருப்பதால், அட்லாண்டிக்கில் மிச்சப்படுத்திய நிமிடங்களை ஊரின் மேல் வட்டமடித்தே செலவழிக்க நேர்கிறது. இவை தவிர நிறுவனங்கள் தங்கள் பங்குக்கும் சில நிமிடங்களைச் சேர்த்துக்கொள்கின்றன. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில், அறிவித்த நேரத்துக்குப் பிறகு 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அந்த விமானம் தாமதமில்லை. அறிவிக்கும் நேரத்தையே சற்றுத் தாராளமாக வைத்துவிட்டால் தாமதம் என்ற பழி எவ்வளவு குறையும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. "குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று அறிவிப்பு வரும்போது பயணிகளின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கும் மனம் வருவதில்லை.

விமானங்கள் வேகமாகிக்கொண்டே வருகின்றன என்றும், ஆகவே இந்தக் கணக்குகள் எல்லாம் விரைவில் பழையதாகிவிடும் என்றும் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1958-இல் பான் அமெரிக்கன் நிறுவனம் போயிங் 707-ஐ அட்லாண்டிக்கின் மேல் ஓட்டத் தொடங்கியபோது இருந்த வேகத்தைவிட இன்றைய பயணிகள் விமானங்கள் வேகமாகப் போவதில்லை. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் தடை செங்குத்தாக ஏறுகிறது, எரிபொருளும் அதோடு ஏறுகிறது. எனவே கண்டுபிடிப்புகள் எல்லாம் எரிபொருளை மிச்சம் பிடிப்பதில் போயின. விதிவிலக்காக இருந்தது, ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்ட். அது நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 1996 பிப்ரவரி 7-இல் 2 மணி 53 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தது. அதைப் பற்றி எல்லோரும் வேகத்தைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு. 16 கிலோமீட்டருக்கு மேலே, ஜெட் ஸ்ட்ரீமின் தலைக்கு மேல் அது பறந்ததால், அந்த உயரத்துக் காற்று அதன் வேகத்துக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அதனால் மற்ற விமானங்களுக்கான பாதைகள் நாள்தோறும் மாற்றி வரையப்பட்டபோது, கான்கார்டுக்கான அட்லாண்டிக் பாதைகள் மட்டும் நிலையாக இருந்தன. அண்ணனின் கணக்குக்கு மிக அருகில் வந்த ஒரே பயணிகள் விமானம் அதுதான். 2003-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது யாராவது என்னிடம் இரண்டு நகரங்களைச் சொல்லி எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், எந்தத் திசையில், எந்த மாதத்தில், எந்த நாட்டு விமானத்தில் என்று மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். பலருக்கு அது வீண் வம்பாகப் படுகிறது, கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதவன் என்று ஒருவர் சொல்லியே விட்டார். இணைப்பு விமானத்தைப் பிடிக்க வேண்டியிருப்பவர்களுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்வேன். விமானங்களின் நகர்வைப் பதிவு செய்யும் தளங்களில், நீங்கள் ஏறப்போகும் விமானத்தின் எண்ணை இட்டால், கடந்த சில வாரங்களில் அது ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கியது என்பது வரிசையாக வரும். அந்த வரிசையின் சராசரியை விட்டுவிடுங்கள். அதில் மிக நீண்ட நாள் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் மேற்கு நோக்கிப் போகிறவராக இருந்தால், அதற்கும் மேல் இன்னொரு அரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சீட்டை வாங்குங்கள்.